சுதந்திரமும் ஊராட்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



 சர்வகலாசாலைப் படிப்பை இன்னும் முடிக்காத ஒருவனை மேடையில் ஏற்றி, நாட்டு நிருவாகத்தையும் ஊராட்சியையும் பற்றிப் பேசு என்று நமது செயலாளர் பணித்திருக்கிறார். குருவியின் தலையிற் பனங்காயை வைத்த கதைதான். ஆயினும், அந்தப் பனங்காயை ஒருநாள் நாங்கள் சுமந்தே ஆக வேண்டும் என்பதனாற்போலும் இன்றே தலையில் வைத்துப் பார்க்கிறார்கள்.

1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி இந்நாடு சுதந்திரம் பெற்றது. கொடி மாறியது, பாராளுமன்றம் வந்தது, மந்திரிமார் வந்தார்கள். ஆனால் தோட்டத்திலும் கடலிலும் பாடுபடும் ஒரு மனிதன் அரசாங்கத்தை எங்கே காண்கிறான்? பாராளுமன்றத்தில் அல்ல. பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கு, காணிக் கடிதத்துக்கு, நிவாரணத்துக்கு, ஒழுங்கையில் தேங்கிய வெள்ளத்துக்கு என்று அவன் ஒரு கந்தோருக்குப் போகிறான். அங்கே ஒரு மேசை இருக்கிறது. மேசைக்கு அப்பால் ஒருவர் இருக்கிறார். அவனுக்கு அரசாங்கம் என்பது அந்த மேசைதான். அந்த மேசையில் யார் இருப்பது, அவர் யாருக்குக் கணக்குச் சொல்வது என்ற இரண்டு கேள்விகளையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். முதலாவது கேள்விக்கு நமது நாடு ஓரளவு விடை கண்டுவிட்டது. இரண்டாவது கேள்வி அப்படியே கிடக்கிறது.

முதலில் விதானையார் காலத்தைப் பார்ப்போம். இங்கே அமர்ந்திருக்கும் முதியோர் சிலருக்கு அது நேரில் கண்ட காலமாகவும் இருக்கலாம். வெள்ளையர் ஆட்சியில் யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்க அதிபர் வீற்றிருந்தார். டைக் துரை 1829 முதல் 1867 வரையும், துவைனம் துரை 1869 முதல் 1896 வரையும் ஏறக்குறையச் சிற்றரசர்களைப் போலவே இருந்து ஆண்டார்கள். அவர்களுக்குக் கீழே மணியகாரர், அவருக்குக் கீழே உடையார், அவருக்குக் கீழே விதானையார் என்று ஒரு படிவரிசை. ஊரிலே களவு நடந்தாலும் விதானையார். எல்லைச் சண்டை வந்தாலும் விதானையார். நற்சாட்சிப் பத்திரம் வேண்டுமானாலும் விதானையார். இப்பதவிகள் குலமும் செல்வாக்கும் பார்த்தே பெரும்பாலும் கொடுக்கப்பட்டன. அவர்களில் நல்லவர்கள் பலர் இருந்தார்கள். பசித்தவனுக்குச் சோறிட்டவர்கள், வழக்கை முற்றத்திலேயே தீர்த்து வைத்தவர்கள் இருந்தார்கள். அதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் நல்லவர் வாய்ப்பது ஊரின் அதிர்ஷ்டமாக இருந்ததேயன்றி ஊரின் உரிமையாக இருக்கவில்லை. விதானையாருக்கு ஆகாத ஏழையொருவன், அதிலும் தாழ்த்தி வைக்கப்பட்ட குலத்தில் பிறந்தவன், யாரிடம் போய் முறையிடுவான்?

மேலிருந்து கீழே தொங்கிய இந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில், கீழிருந்து மேலே போகும் வேறொரு கயிறும் மெல்ல முறுக்கப்பட்டது. 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமொன்று கிராமச் சங்கங்களுக்கு இடமளித்தது. குளம், வாய்க்கால், பாதை, கிணறு ஆகியவற்றைப் பற்றி ஊரார் கூடி விதி செய்துகொள்ளலாம் என்பது அதன் நோக்கம். நெடுங்காலம் அச்சங்கங்கள் தலைமைக்காரரின் நிழலிலேயே வளர்ந்தன. 1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியல் திட்டம் ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கொடுத்த பின்னரே, ஊர்மக்கள் தெரிந்தெடுத்தவர்களின் சபை என்ற நிலைக்கு அவை படிப்படியாக வந்தன.

சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் தலைமைக்காரர் முறையை ஒழிக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. 1935இல் அமைந்த ஆணைக்குழுவுக்குப் பின் மணியகாரரின் இடத்துக்கு இடமாற்றம் செய்யத்தக்க உத்தியோகத்தரான காரியாதிகாரி வந்தார். 1963ஆம் ஆண்டில் விதானையார் பதவியும் ஒழிந்து கிராமசேவகர் வந்தார். இது சிறிய காரியமன்று. ஊர்ப் பதவி குடும்பச் சொத்தாக இருந்த நிலை மாறி, படித்துத் தகுதி பெற்ற எந்த வீட்டுப் பிள்ளையும் விண்ணப்பிக்கத்தக்க பதவியாயிற்று. தமிழ்நாட்டிலே பரம்பரை வழிவந்த மணியம், கர்ணம் பதவிகள் 1980ஆம் ஆண்டு நவம்பரில்தான் ஒழிக்கப்பட்டுக் கிராம நிருவாக அலுவலர் முறை வந்தது. நாம் 17 ஆண்டு முந்திக்கொண்டோம். மேசையில் யார் இருப்பது என்ற முதற் கேள்விக்கு நாடு கண்ட விடை இதுதான்.

இனி இரண்டாவது கேள்வி. சேவகர் என்றால் சேவை செய்பவர். யாருக்குச் சேவகர்? அவருடைய அறிக்கை காரியாதிகாரியிடம் போயிற்று, அங்கிருந்து கச்சேரிக்கு, அங்கிருந்து கொழும்புக்கு. ஊர்மக்கள் அவரிடம் கேட்கலாம், கெஞ்சலாம், நன்றி சொல்லலாம். கணக்குக் கேட்க மட்டும் வழியில்லை. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர், கொழும்பிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துப் பொருள் சொல்லவே இன்னொருவரைத் தேடும் நிலையும் தமிழ்க் குடிமக்களுக்கு நேர்ந்தது. வாசிக்க முடியாத கடிதத்துக்கு யார் பதில் கேட்பது?

இவ்விடத்தில் நம்மைப் போன்ற வாலிபர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1924ஆம் ஆண்டில் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் அவர்கள். பூரண சுயராச்சியம் வேண்டும் என்று கூறி 1931ஆம் ஆண்டுத் தேர்தலை அவர்கள் பகிஷ்கரிக்கச் செய்தமையால், வடபகுதியின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. அது சரியா பிழையா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. நான் சொல்ல விரும்புவது வேறு. மிஷன் கல்லூரிகளிலே படித்து, சொந்த நாட்டைச் சொந்த மொழியிலே சிந்தித்த அந்த வாலிபர்கள் சுயராச்சியம் எப்போது வரும் என்று கேட்டார்கள். அது எந்தப் படிவரை இறங்கி வரும் என்ற கேள்வியை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

நானும் மிஷன் பாடசாலையில் படித்தவன்தான். அக்கல்விக்கு நான் கடமைப்பட்டவன். ஆனால் யாழ்ப்பாணத்தில் நாம் அக்கல்வியைப் பயன்படுத்திய விதத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது நமது பழமொழி. மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்காரவே எல்லோரும் படித்தோம். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, மரியாதையோடும் அச்சமின்றியும் கணக்குக் கேட்கப் படித்தவர் எத்தனை பேர்?

1955ஆம் ஆண்டில் சொக்சி ஆணைக்குழு உள்ளூராட்சியைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. 1957 யூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தத்தில் பிரதேச சபைகள் பேசப்பட்டன. 1958இல் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்கா காலத்தில் மாவட்ட சபைகள் பேசப்பட்டன, அவையும் நிறைவேறவில்லை. 1981இல் மாவட்ட அபிவிருத்தி சபைகள் வந்தன. அப்போது நாடெங்கும் இருந்த பட்டின சபைகளும் ஐந்நூறுக்கு மேற்பட்ட கிராம சபைகளும் இல்லாமற் போயின. புதிய சபைகளுக்குப் போதிய பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. மேலே ஒப்பந்தங்கள் உடைந்ததைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் கீழே ஊருக்கு மிக அருகில் இருந்த சபை மறைந்ததைப் பற்றிப் பேசினோமா? அந்தக் கதவு சாத்தப்பட்ட சத்தங்கூட நமக்குக் கேட்கவில்லை.

ஊர்ச் சபைகளால் என்ன ஆகப் போகிறது என்று கேட்பாருக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1933ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்ற அன்பர் தம் வீட்டிலிருந்து புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அந்தச் சிறு முயற்சி ஊரார் உதவியால் நூல்நிலையமாகி, உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பில் வளர்ந்து, 1959இல் யாழ்ப்பாணப் பொதுநூலகமாகப் புதுக் கட்டடத்திற் குடிபுகுந்தது. அதைக் கட்டியது கொழும்பு மந்திரி எவருமல்லர்; யாழ்ப்பாண மாநகர சபையும் மக்கள் கொடுத்த பணமுமே. 1981ஆம் ஆண்டு, அதே மாவட்ட சபைத் தேர்தல் நடந்த வாரத்தில், ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரிக்கப்பட்டது. நம் நாட்டு உள்ளூராட்சி வரலாற்றின் பெருமையையும் துயரத்தையும் அந்த ஒரு கட்டடமே சொல்லும்.

பின்னர் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் வந்தன. 1992ஆம் ஆண்டின் சட்டமொன்றால் பிரதேச செயலாளரிடம் பல அதிகாரங்கள் வந்தன. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நமது வாலிபர் பத்துப் பேரிடம் கேட்டால் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்? பிரதேச செயலகம் மேலிருந்து நியமிக்கப்பட்டது. கிராம அலுவலர் அதைச் சேர்ந்தவர். பிரதேச சபை நாம் வாக்களித்துத் தெரிந்தெடுப்பது. ஒழுங்கை, வடிகால், தெருவிளக்கு, குப்பை, சந்தை, வாசிகசாலை ஆகியவை அதன் பொறுப்பு. நகரசபை எல்லைக்குள் இருப்போருக்கு நகரசபை அந்தக் கடமையைச் செய்கிறது. பெருந்தெருக்கள் மத்திய அரசுக்கும், வேறு சில தெருக்கள் மாகாணத்துக்கும், எஞ்சியவை உள்ளூராட்சி மன்றத்துக்கும் உரியவை. வீட்டு வாசலில் உள்ள பள்ளம் யாருடைய பள்ளம் என்று அறியவே ஒருவன் மூன்று கந்தோர் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

போர்க் காலத்தில் வடக்கே உள்ளூராட்சித் தேர்தல் பல்லாண்டுகள் நடக்கவில்லை. அப்போது ஷெல்லடிக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே பங்கீட்டு அட்டை எழுதி, அகதிகளைப் பதிந்து, நிவாரணம் பகிர்ந்தவர்கள் கிராமசேவகர்களும் கச்சேரி உத்தியோகத்தருமே. அவர்களுக்கு நாம் தலை வணங்க வேண்டும். ஆயினும் ஆபத்துக்கால வழக்கம் அமைதிக்கால வழக்கமாக நிலைத்துவிடக் கூடாது. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் நடக்க வேண்டியிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்ற காரணங் கூறப்பட்டு நடவாது போயிற்று. சபைகளைச் செயலாளர்களே நடத்தினார்கள். அவ்வாறு தேர்தலை நடத்தாது விட்டமை மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் 6ஆம் திகதிதான் வாக்களிப்பு நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நமக்குச் சபை இல்லாதிருந்தது. நம்மில் எத்தனை பேர் அதை ஒரு குறையாக உணர்ந்தோம்?

நமது ஊரின் பாலத்தடிக்கு வாருங்கள். கடல்நீர் உட்புகாமல் தடுக்கவும், மாரிவெள்ளம் வீணே கடலிற் சேராமல் மறிக்கவும் அங்கே தடுப்பணைக் கதவுகள் போடப்பட்டன. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் எடுத்துரைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தில் நமது தொண்டைமானாற்றுக்கு ஒரு முக்கிய இடமுண்டு. அக்கதவுகளை எப்போது திறப்பது, எப்போது மூடுவது? கிணற்று நீர் உவராகாமல் இருக்க வேண்டும் என்கிறார் தோட்டக்காரர். வயலில் வெள்ளம் நின்றால் பயிர் அழுகும் என்கிறார் கமக்காரர். கடல்நீர் வந்தாலன்றி இறாலும் மீனும் வருமா என்கிறார் தொழிலாளி. மூவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இந்நீரேரியோ வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் இடையே கிடப்பது. ஒரு சபையின் எல்லைக்குள் அடங்காதது. கதவின் பலத்தைப் பொறியியலாளர் கணக்கிடலாம். ஆனால் மூவரின் நியாயத்தை நிறுத்துப் பார்ப்பதற்கு மூவரும் வந்து பேசும் ஒரு சபை வேண்டும். அங்கே எடுத்த முடிவு எழுத்தில் இருக்க வேண்டும். கதவு பழுதானால் யார் பொறுப்பு என்பது ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊராட்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

பழந்தமிழர் பெருமை பேசும்போது உத்தரமேரூர்க் கல்வெட்டைச் சொல்வது மேடை வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்ட அவை, 30 குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் வாரியத்தாரைத் தெரியும் முறையைச் சொல்கின்றன. அதை முழுமையான ஜனநாயகம் என்று சொல்ல மாட்டேன். காணியும் வீடும் கல்வியும் உடைய பிராமண ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் இடமில்லை. ஆனால் அதிலுள்ள ஒரு விதியை நாம் பொன்னேபோற் போற்றலாம். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி அப்பதவிக்கு வர முடியாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர், கணக்குக் காட்டாமையை அவர்கள் பதவிக்கே தகுதியின்மையாக வைத்தார்கள். அந்த விதியையும் எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் கதவையும் திறந்துவிட்டால், அதுவே நமக்கு வேண்டிய ஊராட்சி.

அயலிலே கேரள மாநிலத்தைப் பாருங்கள். 1996ஆம் ஆண்டு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், மாநிலத் திட்டப் பணத்தில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு வரை உள்ளூராட்சிகளுக்கு ஒதுக்க முடிவு செய்தார்கள். எதைச் செய்வது என்று ஊர்க்கூட்டங்களிலே பேசினார்கள். பொறுப்பைக் கொடுத்துப் பணத்தைக் கொடாது விட்டால் அது ஆட்சியன்று, சுமை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

‘தம்பி, சபை என்றால் கட்சிச் சண்டையும் சாதிச் சண்டையும் வரும், நல்ல உத்தியோகத்தர் ஒருவர் இருந்தாற் போதும்’ என்று பெரியவர்கள் சிலர் சொல்லலாம். சண்டை வரும் என்பது உண்மை. ஆனால் சபையில் வரும் சண்டை வெளியே தெரியும்; குறிப்பேட்டில் எழுதப்படும்; அடுத்த தேர்தலில் தீரும். உத்தியோகத்தரின் மேசையில் நடக்கும் பாரபட்சம் அங்கேயே புதைந்துவிடும். ஒதுக்கப்பட்ட குடியிருப்பின் பிரதிநிதி ஒருவர் சபையில் எழுந்து நின்று, எங்கள் பக்கத்துக்கு ஏன் விளக்கு வரவில்லை என்று கேட்பதே பழைய படிவரிசைக்கு ஒரு மறுமொழி. சபை உறுப்பினரில் நாலில் ஒரு பங்கு பெண்கள் வேண்டும் என்ற விதி 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. தண்ணீர்க் கஷ்டம் எங்கே என்று நமது தாய்மாரை விட அறிந்தவர் யார்?

வாலிப நண்பர்களே, பாராளுமன்றம் சட்டம் திருத்தும் வரையில் நாம் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. இன்றே செய்யத்தக்கவை மூன்று உண்டு.

முதலாவது, சபைக் கூட்டத்துக்குப் போவது. அது மக்கள் போய்ப் பார்க்கத்தக்க கூட்டம். மாதம் இருவர் முறைவைத்துப் போய்க் கேட்டு வந்து, சங்க வாசிகசாலைப் பலகையில் நான்கு வரி எழுதிப் போடலாம்.

இரண்டாவது, வரவுசெலவுத் திட்டத்தை வாசிப்பது. ஆண்டு முடிவிலே அது மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது வணிகம் படித்த நம் பிள்ளைகள் நால்வர் போய்ப் பார்க்கட்டும். சோலைவரி எவ்வளவு வந்தது, எங்கே போயிற்று என்பது இராணுவ இரகசியமன்று. தெளிவில்லாவிடில் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்; 14 வேலை நாட்களுள் முடிவு தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பகையோடு கேட்க வேண்டாம். நேர்மையான உத்தியோகத்தருக்கு இத்தகைய கேள்வி ஒரு துணை. மேலிடத்து நெருக்குதலுக்கு அவர் சொல்லத்தக்க பதில் அது.

மூன்றாவது, நம் வீட்டை நாம் கூட்டுவது. இந்தச் சங்கம் ஊரார் பணத்தில் நடக்கிறது. கோயில், பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம் யாவும் அப்படியே. வெளிநாட்டிலிருந்து நம் உறவினர் அனுப்பும் பணமும் இவற்றினூடாகவே வருகிறது. ஆண்டுதோறும் கணக்கை எழுதி, சபையிலே வாசித்து, கேள்வி கேட்பவனைக் குழப்பக்காரன் என்று சொல்லாமல் பதில் சொல்லும் பழக்கம் இங்கே வேரூன்ற வேண்டும். சங்கத்திற் கணக்குக் கேட்க வெட்கப்படுபவன் சபையிற் கேட்க மாட்டான். சபையிற் கேளாதவனுக்குப் பாராளுமன்றம் பதில் சொல்லப் போவதில்லை. ஆகவே, இவ்வாண்டின் கணக்கறிக்கையைப் பொருளாளர் அச்சிட்டு, உறுப்பினர் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும் என்ற பிரேரணையை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். அதை ஆமோதிக்கப் பெரியவர்களில் ஒருவர் முன்வருவாராயின் அது எங்களுக்குப் பெரும் பாக்கியம்.

விதானையார் போனார், கிராமசேவகர் வந்தார். அந்தப் பெயரும் மாறிக் கிராம அலுவலர் ஆயிற்று. பெயர்கள் இன்னும் மாறலாம். கணக்குக் கேட்கத் தெரிந்த ஊராக நாம் மாறும் நாளிலேதான் 1948ஆம் ஆண்டின் சுதந்திரம் நமது ஒழுங்கைக்குள் வந்து சேரும்.